முஸ் கிராமத்தின் தமிழ் உபாத்தியாயர்

அடியேன் வந்தவாசிப் பக்கத்துச் சமணன். பாம்பூஃப்ளாட்டில் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்தது.

"நயினார், கிறிஸ்தவர் கதையை நீங்க எதுக்கு எழுதறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் சமயம் சொல்லும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம். பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதை நான் நான்காவதில் சேர்க்கிறேன். 'பள்ளி' என்பதே முற்காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கு வழங்கிய சொல். ஒரு பள்ளிக்கூடம் நடத்தியவரைப் பற்றிச் சமணன் பேசினால் என்ன தப்பு?

அந்தமான் தமிழர் வரலாறு என்றால் கைதிகளாக வந்தவர்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள், வியாபாரிகள் என்றுதான் நாம் அடுக்குகிறோம். கார் நிக்கோபாரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வேதப்பன் சாலமோன் என்ற தமிழரை விட்டுவிடுகிறோம்.

முதலில் கொஞ்சம் பின்னே போவோம். 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், அடுத்த ஆண்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார். அதே தரங்கம்பாடியிலிருந்துதான் டேனிஷ்காரர்கள் 1756ல் நிக்கோபார் தீவுகளுக்கு உரிமை கொண்டாடினார்கள். 1768ல் மொராவியச் சகோதரர்கள் என்ற ஜெர்மானியத் துறவு மனத்தினர் நான்கவுரித் தீவில் குடியேறினார்கள். காய்ச்சல் ஒவ்வொருவராக வாரிக்கொண்டு போயிற்று. 1787ல் மீதியிருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். இருபது வருஷ உழைப்பு; பின்னால் நிலைத்தது ஒன்றுமில்லை.

1869ல் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1890களின் நடுவில், சென்னை மாகாணத்து உபதேசியார் சாலமோன் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் குடியேறினார். அரசாங்க ஏஜெண்டு அவரே. வருகிற கப்பல்களைக் கவனிப்பவர் அவரே. காற்று மழை குறித்துவைப்பவரும் அவரே. இத்தனைக்கும் நடுவே பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். தினமும் நாட்குறிப்பும் எழுதினார். அந்த மக்களின் விருந்து, சாவுச் சடங்கு, நம்பிக்கைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதன் பகுதிகள் 1902ல் லண்டன் மானுடவியல் கழகத்தின் சஞ்சிகையில் அச்சேறின. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

"மதம் பரப்பத்தானே போனார்?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் போனார், மறைக்கவும் இல்லை. ஆனால் அவருடைய விசுவாசம் அன்றாடம் எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள்: பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பதாக வெளிப்பட்டது.

அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். சிறு வயதிலேயே அவரைப் பர்மாவுக்கு, மாண்டலேயில் இருந்த மிஷன் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெற்றவளை விட்டுக் கடல் கடந்து போன பிள்ளை அவர். அந்தப் பிரிவைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை. ஆனாலும் 1912ல் அவர் திரும்பி வந்து, தன் தீவிலேயே ஆசிரியரானார். ஜப்பானியர் காலத்தில் (1942–45) சிறைப்பட்டார், மகனையும் பறிகொடுத்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் ஆக்கினார். 1950ல் பிஷப், 1952ல் முதல் மக்களவையில் இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினர். 1965ல் பத்மஸ்ரீ, 1975ல் பத்மபூஷண். 1978ல் காலமானார். கார் நிக்கோபார் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

மொராவியர் செய்தது குறைந்த தியாகமா? இல்லவே இல்லை, உயிரையே கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பின் வேலையை ஏற்க அந்த மண்ணில் பிறந்த பிள்ளை ஒருவன் தயாராகவில்லை. சாலமோன் 1909ல் மறைந்தார்; மூன்றே வருஷத்தில் அவர் மாணவன் வந்து கரும்பலகை முன்னால் நின்றான். என் சிற்றறிவுக்கு எட்டியவரை வித்தியாசம் இதுதான்.

வியாபாரி என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிக்கோபாருக்குப் போன வெளியார் பலரும் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் போனவர்கள். துணியும் அரிவாளும் கடனுக்குக் கொடுத்து, கொப்பரையில் வசூலித்தார்கள். படிக்கத் தெரியாதவன் பேரில் கணக்கு எழுதுவது எத்தனை சுலபம் என்று கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அந்தக் கணக்கைத் தானே படித்துப் பார்க்கிற பிள்ளையைச் சாலமோன் உண்டாக்கினார். அவரும் தமிழர், அந்த வியாபாரிகளிலும் தமிழர் இருந்திருக்கலாம். நாம் யார் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளப் போகிறோம்?

எங்கள் ஜெட்டியில் நிக்கோபாரிப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வருகிறது. நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். போர்ட் பிளேயருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, பெயர்கள் மாறும். சாலமோன் பெயரையாவது அடுத்த ஆண்டு விழாவில் ஒருமுறை நம் பிள்ளைகள் காதில் போடுங்கள். கூடவே நிக்கோபாரிப் பிள்ளைகள் நாலு பேரையும் அழைத்து, நம் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

வாழ்க தமிழ்! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!