டீசல் ஒழுகாத ஓட்டை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட குறிப்பு இது. லாரி இன்ஜினுக்கு டீசல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் கோளாறை எங்கே தேடுவது, அந்தத் தேடும் முறை எப்படி உருவானது என்பதுதான் விஷயம். நான் சாஃப்ட்வேர் ஆள், மெக்கானிக் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு லாரி இருந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1992. அப்பா சங்ககிரியில் ஒரு பழைய லாரியை ஃபைனான்ஸில் வாங்கி அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் வண்டி தொப்பூர் ஏற்றத்தில் நிற்க ஆரம்பித்தது. இழுவை குறையும், இன்ஜின் குலுங்கும், அப்படியே அணைந்துவிடும். கை பம்ப்பை அடித்து ஏர் எடுத்தால் மறுபடி ஓடும். டேங்க் நிரப்பிய அன்று ஒரு தொல்லையும் இருக்காது. பாதிக்குக் கீழே இறங்கினால்தான் தகராறு.

காட்டிய இடத்தில் "பம்ப் போயிடுச்சு" என்றார்கள். பம்ப்பைக் கழற்றி, எலிமெண்ட் மாற்றி, ஆறு நாசிலும் மாற்றினார்கள். மூன்று வாரம் வண்டி நின்றது. பில் கட்ட அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. வண்டியை எடுத்த நான்காம் நாள், அதே தொப்பூரில் அதே மாதிரி நின்றது.

ஏன் எல்லோருக்கும் முதலில் பம்ப் மேலேயே சந்தேகம் வருகிறது? பின்னாளில் இதைத் தேடிப் படித்தபோதுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. இன்று டீசல் லைனுக்கு முதல் எதிரி காற்று. ஆனால் முதல் டீசல் இன்ஜினில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததே காற்றுதான்!

ருடால்ஃப் டீசல் 1893-ல் காப்புரிமை பெற்றார். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சத்தான் முதலில் முயன்றார், சரிவரவில்லை. அதனால் தனியாக ஒரு கம்ப்ரஸர் வைத்து, அழுத்திய காற்றால் எரிபொருளை ஊதி உள்ளே தள்ளினார். 1897-ல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் சோதித்த இன்ஜின், எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்களால் அதை நெருங்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கம்ப்ரஸர் பெரிய சுமை. தொழிற்சாலையில் வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம். 1912-ல் 'செலாண்டியா' என்ற கப்பல் டீசல் இன்ஜினிலேயே கடல் கடந்தது. லாரியில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. 1913 செப்டம்பர் 29 அன்று ஆண்ட்வெர்ப்பில் கப்பலேறிய டீசல், அந்த இரவோடு காணாமல் போனார். தன் பெயர் கொண்ட லாரி இன்ஜினை அவர் பார்க்கவே இல்லை.

காற்றை வெளியேற்றிய பிறகுதான் லாரி வந்தது. பென்ஸ் கம்பெனியில் ப்ராஸ்பர் லோராஞ்ச் 1909-ல் முன்னறை முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1924-ல் எம்.ஏ.என். கம்பெனி நேரடியாகப் பீய்ச்சும் டீசல் லாரியை பெர்லின் கண்காட்சியில் வைத்தது. ராபர்ட் போஷ் 1922-ல் பம்ப் வேலையில் இறங்கினார், 1927-ல் வரிசை உற்பத்தி தொடங்கியது. அந்தப் பம்ப்பில் உருளைக்கும் அதற்குள் ஏறி இறங்கும் தண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன்.

இங்கேதான் காற்று எதிரியானது. டீசலை அழுத்தினால் அது சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். இந்த முனையில் தள்ளினால் அந்த முனையில் நாசில் திறக்கும். பழைய லாரிகளில் நாசில் திறக்கவே காற்றுமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு வேண்டும். நடுவில் குமிழி இருந்தால் தண்டின் தள்ளல் முழுக்கக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாசில் திறக்காது, இன்ஜின் அணையும்.

நம் ஊருக்கு இந்தப் பம்ப் வந்த கதை சுருக்கமானது. 1951-ல் பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. 1954-ல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டு. 1955-ல் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. பம்ப்பை மட்டும் சாதாரணப் பட்டறையில் பிரிக்க முடியாது. அதற்கென்று தூசி இல்லாத அறை, டெஸ்ட் பெஞ்ச், தனி ஆட்கள் வேண்டும். புரியாத பாகம், விலை கூடிய பாகம். அதனால்தான் பழி முதலில் அதன் மேல் விழுகிறது என்பது என் கணிப்பு.

திரும்ப அப்பாவின் லாரிக்கு வருவோம். கடைசியில் பார்த்தவர் ஒரு வயதான மெக்கானிக். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் சத்தம் தடுமாறியது. "ஆறும் வேலை செய்யுதுங்க. அப்ப நாசில்ல குத்தமில்ல."

அடுத்து, ஒரு கேனில் டீசல் ஊற்றி கேபினுக்குப் பின்னால் உயரத்தில் கட்டினார். டேங்க்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ஓஸை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். அரை மணி நேரம் முறுக்கி ஓட்டியும் இன்ஜின் குலுங்கவே இல்லை. "பம்ப்புலயும் ஒண்ணுமில்லீங்க. டேங்க்குக்கும் இதுக்கும் நடுவுலதான்."

சேஸிஸில் உரசி உரசி அந்தப் பைப்பில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. டேங்க் மட்டத்துக்கு மேலே இருந்தது. அப்பா நம்பவில்லை. "ஒரு சொட்டுகூட ஒழுகலையேங்க?"

"இந்தப் பக்கம் ஒழுகாதுங்க. உறிஞ்சும்."

மொத்தப் பாடமும் இதற்குள் இருக்கிறது. ஃபீட் பம்ப்புக்கு அப்பால் அழுத்தம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். இப்பால் உறிஞ்சல், அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே தடயமே இருக்காது. டேங்க் இறங்க இறங்க அதிகமாக உறிஞ்ச வேண்டும், காற்றும் அதிகமாக நுழையும். அப்பா முதல் நாளிலிருந்தே சொன்ன அடையாளம் அதுதான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் வேலையில் செய்வதும் இதுதான்: பாதையைப் பாதியாக வெட்டு, எந்தப் பாதி நன்றாக ஓடுகிறது என்று பார், மீதியில் தேடு.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு புது லாரிகளில் காமன் ரெயில்தான். அதில் ஆயிரம் மடங்கைத் தாண்டிய அழுத்தம். ஓடும்போது நட்டைத் தளர்த்தும் பழைய வேலையை அதில் செய்யவே கூடாது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இப்போது லேப்டாப் மாட்டினால் "ரெயில் அழுத்தம் குறைவு" என்று கோட் வரும். அழுத்தம் இல்லை என்பதுதான் அதற்குத் தெரியும், ஏன் இல்லை என்பது தெரியாது. அதே வெடித்த பைப்பாகவும் இருக்கலாம்.

வண்டி சரியானது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் தவறிய தவணையை அப்பாவால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. 1994-ல் லாரியை விற்றுவிட்டு இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனார். இந்தக் குறிப்பை எழுதும்போது அவரிடம் திரும்பக் கேட்டேன். பம்ப்பைப் பற்றியோ பில்லைப் பற்றியோ அவர் ஒன்றும் பேசவில்லை.

"ஒரு கேனு, ரெண்டு முழம் ஓஸு. மொதல்லயே தொங்கவிட்டுப் பாத்திருக்கலாம்டா" என்றார்.