வீட்டின் தலையில் விழுந்த காவல்

இணையத்திற் பிள்ளைகளைக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இன்று எங்கும் ஒரே விடைதான் கிடைக்கின்றது: பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பாடசாலை அறிவித்தலும் இதைத்தான் சொல்கின்றது. பொலிஸ் அறிவித்தலும் இதைத்தான் சொல்கின்றது. பிள்ளையின் நேரத்தை விற்றுப் பணம் பண்ணும் நிறுவனங்களின் அறிவுரைப் பக்கங்களும் இதையே இன்னும் இனிய குரலிற் சொல்கின்றன. பெற்றவர்க்குப் பிள்ளைமேல் அக்கறை இருத்தல் இயல்பு. ஆனால், உலகின் மிகப் பெரிய வணிகங்களுள் ஒன்று வீட்டுக்குள் நுழையும்போது வாசலிற் காவலிருக்கும் பொறுப்பு முழுவதையும் ஒரு தாய் சுமத்தல் வேண்டும் என்பது வரலாற்றில் உண்டாக்கப்பட்ட ஓர் ஏற்பாடு. எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் வழியாக, எவருடைய வசதிக்கு ஏற்ப அது உண்டாயிற்று என்பதைக் காட்டமுடியும்.

இக்கதை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொடங்குகின்றது. இணைய வணிகம் அங்கு வளர்ந்தமையாலும், அங்கு எழுதப்பட்ட விதிகளே பின்னர் உலகெங்கும் நிறுவனங்களின் விதிகளாகப் பரவினமையாலும் நாம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டியுள்ளது. காணாமற்போன, சுரண்டலுக்குள்ளான சிறுவர்களுக்கான அந்நாட்டுத் தேசிய நிலையம் 1994ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டது. எழுதியவர் லாரி மகிட் என்னும் பத்திரிகையாளர். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எவருக்கும் கொடாதே, முன்பின் அறியாதவரைத் தனியே சந்திக்கப் போகாதே, மனத்தை உறுத்தும் செய்தி வந்தாற் பெற்றோரிடம் சொல் என்று அது பிள்ளைகளுக்குச் சொன்னது. கணினியைப் பிள்ளையின் அறையில் வையாது குடும்பத்தார் கூடும் அறையில் வையுங்கள் என்று பெற்றோர்க்குச் சொன்னது.

நல்ல அறிவுரைதான். ஆயினும் அது தனக்குள் ஒரு வீட்டை வைத்திருக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். குடும்பத்தார் கூட ஓர் அறை, பிள்ளைக்கு வேறோர் அறை, மேசையைவிட்டு அசையாத ஒரு கணினி, மாலையில் ஓய்ந்திருந்து திரையை எட்டிப்பார்க்க நேரமுள்ள பெற்றோர். அக்காலத்து அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வீடு அது. பின்னர் மேசைக் கணினி உள்ளங்கைக்குள் அடங்கும் தொலைபேசியாயிற்று. அத்தகைய வீடுகள் அற்ற நாடுகளுக்கெல்லாம் அது பரவிற்று. அறிவுரை மட்டும் அதே வீட்டிலேயே தங்கிவிட்டது.

1995ஆம் ஆண்டு அந்நாட்டைப் பீதியொன்று பற்றிக்கொண்டது. ஜேம்ஸ் எக்சன் என்னும் செனற் உறுப்பினர், இணையத்திலிருந்து எடுத்த ஆபாசப் படங்களை ஒரு நீலநிறக் கோப்பிலிட்டுச் சக உறுப்பினர்க்குக் காட்டினார். யூன் மாதத்தில் அவரது திருத்தம் 84க்கு 16 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. அடுத்த மாதம் ரைம் சஞ்சிகை, திகிலுற்ற பிள்ளையொன்றின் முகத்தை அட்டையிலிட்டு, இணையம் எங்கும் ஆபாசம் பெருகிக் கிடப்பதாக ஒரு கட்டுரை வெளியிட்டது. பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ஆய்வு அதற்கு ஆதாரம். அவ்வாய்வு பெரும்பாலும் பணங்கொடுத்துச் சேரவேண்டிய வயதுவந்தோர் பலகைகளைப் பற்றியது என்பதும், பொது இணையத்துக்கு அதனைப் பொருத்த இயலாது என்பதும் சில வாரங்களில் வெளியாயின. சஞ்சிகையும் தன் கட்டுரையின் குறையைப் பின்னர் ஒப்புக்கொண்டது. பீதி அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டது.

1996 பெப்ரவரியிற் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் காணக்கூடிய இடத்தில் ‘அநாகரிகமான’ எதனையும் இடுதல் குற்றம் என்றது. அநாகரிகம் யாதென அது தெளிவாகச் சொல்லவில்லை. 1997 யூன் 26ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அப்பகுதியைத் தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பை நாம் குறைகூற முடியாது. கருத்தடை பற்றிய அறிவும், நோய் பற்றிய அறிவும், ஒரு நல்ல நாவலின் பக்கமும் அச்சட்டத்தின் கையில் அகப்பட்டிருக்கும். எழுத்துக்குத் தடைவிதிக்கும் அதிகாரம் குழந்தையின் பெயரால் வந்தாலும் அதிகாரமே.

ஆனால் அதே சட்டத்துக்குள் இன்னொரு பிரிவும் இருந்தது. கொக்ஸ், வைடன் என்னும் இரு உறுப்பினர் எழுதியது. இன்று 230ஆம் பிரிவு எனப் பெயர் பெற்றிருப்பது. பிறர் இடும் செய்திகளுக்கு அவற்றைத் தாங்கிநிற்கும் நிறுவனம் வெளியீட்டாளராகக் கொள்ளப்படாது என்பது அதன் சாரம். நீதிமன்றம் அதைத் தொடவில்லை. குழந்தைகளைக் காப்பதற்கென்று முழங்கி இயற்றிய சட்டத்திற் குழந்தைகளுக்கான பகுதி விழுந்தது. நிறுவனங்களுக்கான பகுதி நின்றது. 1998ஆம் ஆண்டில் அதே பிரிவுடன் ஒரு சிறு கடமை சேர்க்கப்பட்டது. சேவை வழங்குவோன், வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் செய்யும்போது, பெற்றோர் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் மென்பொருள்களும் கடையில் வாங்கக் கிடைக்கின்றன என்பதை அறிவித்தல் வேண்டும். அவ்வளவே. கதவு பூட்டற்றது என்பதை விற்பவன் சொல்லுவான். பூட்டைத் தாய் விலைகொடுத்து வாங்குவாள். அவ்வாண்டில் இயற்றிய இரண்டாவது தடைச்சட்டமும் நடைமுறைக்கு வராமலே 2009இல் மாண்டது. அதனைத் தடுத்துவைத்த 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம் காட்டிய மாற்று வழியும் வீட்டில் நிறுவும் வடிகட்டி மென்பொருளே. காவல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பாதை இதுதான்.

எல்லோருடைய கண்ணும் ஆபாசத்தின்மேல் இருந்த அவ்வேளையில் வேறொரு வேலை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. கத்ரின் மொன்ற்கொமெரி என்னும் ஆய்வாளரும் அவருடைய ஊடகக் கல்வி நிலையத்தாரும் 1996இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சிறுவர்க்கான இணையத்தளங்கள் விளையாட்டுக் காட்டிப் பிள்ளைகளிடம் விபரங்களைக் கறந்துகொள்வதை அது எடுத்துக்காட்டியது. பேற்மன் திரைப்படத்துக்கென அமைத்த தளமொன்று, கதையில் வரும் கொதம் நகரத்துக்குக் குடிசன மதிப்பு எடுப்பதாகச் சொல்லி, நல்ல குடிமக்களாய் உதவுமாறு பிள்ளைகளைக் கேட்டது. பிள்ளை தன் கதாநாயகனுக்கு உதவுவதாக எண்ணி விடை எழுதும். விடை விற்பனைப் பிரிவுக்குப் போகும்.

இஃது புதிய வித்தையன்று. 1978இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, சிறு பிள்ளைகளை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரங்களைக் கட்டுப்படுத்த முயன்றது. சர்க்கரைத் தானிய உணவு, இனிப்பு, விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரும் ஒளிபரப்பாளரும் ஒன்றுதிரண்டனர். பெரும் பத்திரிகையொன்று ஆணைக்குழுவைத் தேசத்துக்கே ஆயாவாக வரப்பார்க்கின்றது என்று எள்ளியது. 1980இற் காங்கிரஸ் ஆணைக்குழுவின் அதிகாரத்தை வெட்டியது. அடுத்த ஆண்டில் முயற்சி கைவிடப்பட்டது. பிள்ளையைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அன்றும் வணிகத்தின் விடை.

மொன்ற்கொமெரி போன்றோர் எழுப்பிய குரலின் பயனாக 1998இற் சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டம் வந்தது. 2000 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் விபரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டலாகாது என்பது அதன் விதி. ஏன் பதின்மூன்று? உளவியலார் கூடி முடிவுசெய்த வயதென்று பலர் எண்ணுகின்றனர். சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரான எட் மார்க்கி தாம் விரும்பியது பதினாறு என்றும், எதிர்ப்பின் காரணமாகப் பதின்மூன்றுக்கு இறங்கவேண்டியதாயிற்று என்றும் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். பேரத்திற் படிந்த எண் அது. அவ்வெண்ணே இன்று மட்டக்களப்பிலும் அட்டனிலும் ஒரு பிள்ளை முகநூற் கணக்குத் திறக்கும் வயதாக இருக்கின்றது.

அவ்வாசலுக்குக் காவலனும் இல்லை. பிறந்த ஆண்டை மாற்றி எழுதினாற் கதவு திறக்கும். 2011இல் டானா பொய்ட் என்பவரும் பிறரும் அமெரிக்கப் பெற்றோரிடை நடத்திய ஆய்வில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உடையோரிற் பாதிக்கு மேற்பட்டோர் தம் பிள்ளைக்கு முகநூற் கணக்கு உண்டு என்றனர். அவர்களிற் பெரும்பாலானோர் கணக்கைத் திறக்கத் தாமே உதவியிருந்தனர். இப்பொய்யின் விளைவை நம்மிற் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. பத்து வயதிற் பதின்மூன்று என்று எழுதிய பிள்ளை பதினைந்து வயதில் நிறுவனத்தின் பேரேட்டிற் பதினெட்டு வயதாகி, வயதுவந்தோர்க்குரிய விளம்பரத்துக்கும் அந்நியர் தூதுக்கும் உரியதாகிவிடுகின்றது. சட்டத்தை மீறிய நிறுவனங்களுக்குத் தண்டம் உண்டுதான். சிறுவர் விபரங்களைத் திரட்டியமைக்காகக் கூகிளும் யூரியூபும் 2019இல் 17 கோடி டொலர் கொடுத்தன. கூகிளின் தாய் நிறுவனத்துக்கு அவ்வாண்டில் அரை நாளில் வந்த வருமானம் அதனிலும் அதிகம்.

பெற்றோர்க்குக் கொடுத்த அறிவுரையின் உள்ளடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வயதை மறைத்துப் பிள்ளைபோல நடிக்கும் அந்நியன் ஒருவனே அதில் எப்போதும் எதிரி. நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இணையத்தை வழமையாகப் பயன்படுத்தும் 10 முதல் 17 வயது வரையானோரில் ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் விரும்பத்தகாத பாலியல் அழைப்பைப் பெற்றிருந்தார். அவ்வெண் சுவரொட்டிகளில் ஏறியது. அவ்வழைப்புகளிற் பாதியளவு பிற இளைஞரிடமிருந்தே வந்தன என்னும் பகுதி ஏறவில்லை. அதே ஆய்வாளர் 2008இல் எழுதிய கட்டுரை, குற்றமிழைத்த வயதுவந்தோரிற் பெரும்பாலானோர் தம் வயதை மறைக்கவில்லை என்றும், தனிமையும் வீட்டுப் பூசலும் உடைய இளம்பருவத்தினரே மிகுதியும் அகப்பட்டனர் என்றும் காட்டியது. தன்னிடம் அன்பாய்ப் பேச ஒருவர் கிடைத்தார் என்று போன பிள்ளைக்கு முகமூடி அணிந்த அந்நியனைப் பற்றிய எச்சரிக்கை எவ்வாறு உதவும்?

வீட்டின் தலையிலிருந்து பாரத்தை இறக்கமுடியுமா எனில், முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பிரித்தானியாவிற் பீபன் கிட்ரன் என்னும் பிரபுக்கள் சபை உறுப்பினரின் முயற்சியால் 2018ஆம் ஆண்டுச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட ஏற்பாடு, பிள்ளைகள் புழங்கும் சேவைகளுக்கான பதினைந்து விதிகளாக உருப்பெற்று, 2021 செப்ரெம்பரிலிருந்து நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. பிள்ளை இருக்குமிடத்தைக் காட்டும் வசதி தொடக்கத்திலேயே மூடப்பட்டிருக்கவேண்டும் என்பது போன்ற விதிகள் அவை. அவை நடைமுறைக்கு வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னர் அதிசயங்கள் நிகழ்ந்தன. இன்ஸ்ரகிராம் பதினாறு வயதுக்குட்பட்டோரின் புதுக் கணக்குகளை மூடிய கணக்குகளாக்கியது. யூரியூப் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு ஒன்றன்பின் ஒன்றாய்த் தானே ஓடும் படங்களை நிறுத்தியது. ரிக்ரொக் 13 முதல் 15 வயது வரையானோர்க்கு இரவு ஒன்பது மணிக்குப் பின் அறிவித்தல் அனுப்புவதை விட்டது. அன்றுவரை இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியைப் பறிக்கும் பழி எத்தனை தாய்மாருக்கு! தொழில்நுட்பம் அதற்குள் புதிதாகப் பிறக்கவில்லை, சட்டம் பிறந்தது. அவுஸ்திரேலியா 2024இல் இயற்றிய சட்டம் 2025 டிசெம்பர் 10ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் கடமை அதன்படி நிறுவனங்களுக்கே உரியது. தண்டம் 4 கோடி 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை. பிள்ளைக்கோ பெற்றோர்க்கோ தண்டனை இல்லை. பதினாறு வயது நிரம்பிய மறுநாள் அப்பிள்ளை நுழையும் இடம் மாறாமலிருப்பது அதன் பெருங்குறை. எனினும் பொறுப்பு எங்கே வைக்கப்பட்டது என்பதை நோக்குக.

இனி எமது நாடு. 2020 மார்ச் 13ஆந் திகதி கொரோனாவுக்கு அஞ்சிப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. அதுவரை பிள்ளைக்குத் தொலைபேசி கொடுக்கலாகாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன நாமே, தொலைபேசி இல்லாத பிள்ளைக்குப் பாடமில்லை என்னும் நிலைக்குத் துணைநின்றோம். கடன்பட்டு வாங்கிய தொலைபேசிகள் வீடுகளுக்குள் வந்தன. அவற்றுடன் வந்த வணிகத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடத் தமிழில் எழுதிக் கொடுத்தோரில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிற் குடும்பத்தார் கூடும் அறை எது, பிள்ளையின் அறை எது? தாய் மத்திய கிழக்கிற் பணிப்பெண்ணாக இருக்கும் வீட்டில் எட்டிப்பார்ப்பவர் யார்? பெற்றோர் கூட்டமொன்றில், பிள்ளை தொலைபேசியில் என்ன பார்க்கிறான் என்று கவனியுங்கள் என நாம் சொன்னபோது கொழுந்து பறிக்கும் தாயொருவர் எழுந்து கேட்டார்: “சேர், காலையில மலைக்குப் போனா பொழுது சாயத்தான் வாரேன். போனு அவன்கிட்டதான். அதத் தொறக்கக்கூட எனக்குத் தெரியாது. நான் எப்படிப் பாத்துக்கிறது?” கூட்டத்தில் எவரும் பதில் சொல்லவில்லை.

பெண்பிள்ளையின் நிலை இன்னும் கொடிது. படமொன்றைக் காட்டி ஒருவன் மிரட்டும்போது அவள் அஞ்சுவது அவனைவிடத் தன் வீட்டை. சொன்னால் அடிவிழும், தொலைபேசி பறிபோகும், படிப்பும் நிற்கும். அவ்வச்சமே மிரட்டுபவனின் மூலதனம். வீட்டைக் காவலாக்கிய ஏற்பாடு, காவல் தவறியதாகத் தன்னைக் கருதும் தந்தையைத் தன் மகளுக்கே நீதிபதியாக்குகின்றது. ஆகவே பிள்ளை ஆசிரியரிடம் வந்து சொல்லும்போது நாம் முதலிற் செய்யவேண்டியது, நீ பிழை செய்யவில்லை என்று சொல்லுதல். செய்திகளை அழிக்காது வைத்திருக்கச் செய்தல். பின்னர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் எண்ணுக்கு அறிவித்தல். அவ்வெண் இரவும் பகலும் இயங்குகின்றது.

சட்டம் எம்மிடமும் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, கழுவக் கொடுத்த படச்சுருளிற் பிள்ளையின் ஆபாசப் படத்தைக் கண்ட புகைப்படக்காரன் உடனே பொலிசுக்கு அறிவித்தல் வேண்டும் என்றது. ஸ்ரூடியோக்காரனுக்கும் ஒரு கடமை இருந்தது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் அதே வழியிற் சென்று, கணினிச் சேவை வழங்குவோன் தன் சேவை பிள்ளைமீதான பாலியற் குற்றத்துக்குப் பயன்படாதிருக்க வேண்டிய நடவடிக்கை யாவும் எடுத்தல் வேண்டும் என்றது. தெருமுனை நெற் கபேக்காரனை மனத்திற்கொண்டு எழுதியதாயிருக்கலாம். சொற்கள் அவனோடு நிற்பனவல்ல. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்யுரை எனத் தீர்மானிக்கும் ஆணைக்குழுவைப் பற்றிய சட்டமாகவே பேசப்பட்டது. பத்திரிகையாளரும் மனித உரிமை இயக்கத்தினரும் எதிர்த்ததும் அதனாலேதான். 1995இல் வாஷிங்ரனில் நடந்த கூத்தைப் படித்தவர்க்கு இதில் வியப்பில்லை. ஆசிரியர் சங்கங்கள் இவ்விடயத்தைக் கையிலெடுக்குமாயின், 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அவ்வொரு வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். இணையத்தைப் பொதி பொதியாய்க் கட்டி லயன் வரை விற்கும் தொலைபேசி நிறுவனங்கள் அதன்கீழ் இதுவரை என்ன நடவடிக்கை எடுத்தன என்று எழுத்தில் கேட்டு, விடையை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கலாம்.