அரியலூர்க் கடல்

அரியலூர் என்றதும் பழைய தலைமுறைக்கு 1956 நவம்பர் மாதத்து ரயில் விபத்துதான் நினைவுக்கு வரும். மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தார். பின்னால் வந்தவர்களுக்கு அரியலூர் என்றால் சிமெண்டு. பூமியின் பழங்கதையை ஆராயும் பண்டிதர்களுக்கோ, அவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் சரி, அரியலூர் என்றால் கடல். அப்படி ஆகும்படி செய்தவர்களில் முதன்மையானவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்று கடலையும் சோளமும் விளைகிற அந்தச் செம்மண் பூமியில் அலை அடித்தது. ஏறுவதும் பின்வாங்குவதுமாக இருந்த அந்தக் கடல், தன் பிள்ளைகளைச் சேற்றில் விட்டுவிட்டுப் போயிற்று. சேறு கல்லாயிற்று. சிப்பியும் நத்தையும் அதோடு கல்லாயின.

இவற்றில் ராஜா அம்மோனைட். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய் மீனுக்குப் பங்காளியான ஒரு பிராணி. நம் வீட்டுப் பூஜைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமத்தின் சக்கரமும் பெரும்பாலும் இதுவேதான். (உடைத்துப் பார்க்க வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள்.) அது கண்டகி நதி தருவது, அரியலூர்ச் சரக்கைவிட மூத்தது. அம்மோனைட்டுக்கு இரண்டு குணங்கள் உண்டு: வேகமாக உருவம் மாறும், தூரதூரமாகப் பரவும். ஆகவே இரண்டு தேசத்துப் பாறைகளில் ஒரே ஜாதி அம்மோனைட் கிடைத்தால், இரண்டும் ஒரே காலத்தவை என்று தைரியமாகச் சொல்லலாம். கல்லில் பொறித்த பஞ்சாங்கம்.

அந்தப் பஞ்சாங்கத்தை முதலில் புரட்டியவர் ஸ்டோலிச்கா அல்ல. கே, கன்லிஃப் என்ற இரு சென்னை உத்தியோகஸ்தர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் பொறுக்கியவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இல் வர்ணித்தார். பிறகு சர்க்கார் பூகர்ப்ப இலாகாவின் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இப்பகுதியை அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று வரிசையாகப் பிரித்தார். பாடாலூருக்குக் கிழக்கே இருக்கும் ஊட்டத்தூர் ஒரு சின்ன ஊர். அதன் பெயர் உலகத்து விஞ்ஞானப் பத்திரிகைகளில் இன்றும் அச்சாகிறது.

ஸ்டோலிச்கா 1838 இல் மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், ஒரு வனக்காவலர் வீட்டில் பிறந்தவர். வியன்னாவில் படித்தார். 1862 இல் கல்கத்தாவுக்கு வந்து அந்த இலாகாவில் சேர்ந்தார். எதிரே பெட்டி பெட்டியாகத் தென்னாட்டுக் கற்கள். பிறர் கையால் பொறுக்கிய கற்களை வைத்துக்கொண்டு பத்து வருஷம் உட்காருவது சாமான்யமல்ல. நாவல் எழுதுகிறவனுக்கு இது புரியும். பாத்திரங்கள் ஆயிரம், அத்தனைக்கும் முகம் வேண்டும், ஒன்றின் மூக்கு மற்றொன்றுக்குப் போய்விடக் கூடாது. ஓட்டின் உள்தடுப்பு எந்தக் கோணத்தில் இலைபோல் மடிகிறது, புறத்தே எத்தனை வரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, 1863 முதல் 1873 வரை நான்கு பாகங்களை, சித்திரத் தகடுகளுடன், எழுதி முடித்தார்.

அக்காலத்தில் வழக்கப்படி பெரும்பாலானவற்றுக்கும் அம்மோனைட்டஸ் என்ற ஒரே குடும்பப் பெயர். ஊரில் எல்லாருக்கும் ராமசாமி என்று பெயர் வைத்தாற்போல. பின்னர் வந்த வியன்னாக்காரர் ஃபிரான்ஸ் காஸ்மாட், 1890களில் அதே கடலை மறுபடி ஆராய்ந்து பல பெயர்களை மாற்றினார். மாற்ற முடிந்ததே ஸ்டோலிச்காவின் வேலை ஒழுங்காக இருந்ததால்தான்: படம் துல்லியம், மூலக் கற்கள் கல்கத்தாவில் பத்திரம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் மடகாஸ்கரிலும் கிடைத்தவை அரியலூர்ச் சிப்பிகளுக்கு உறவு என்று கண்டவர்கள், ஒத்துப் பார்க்க அவருடைய தகடுகளையே விரித்தார்கள். இந்துமகா சமுத்திரம் பிறந்த கதையை எழுத அது ஒரு சாட்சியாயிற்று.

அவர் மேஜையோடு கட்டுண்டவரும் அல்ல. ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு, கட்ச் என்று அலைந்தார். பறவை, பல்லி எதையும் விடவில்லை. 1873 இல் யார்கண்டுக்குச் சென்ற தூதுக் கோஷ்டியில் சேர்ந்தார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின், உயரத்தின் வாதையால், 1874 ஜூன் 19 அன்று முர்கோ என்னுமிடத்தில் இறந்தார். வயது 36. லே நகரில் சமாதி இருக்கிறது. மறு வருஷம், 1875 இல், வியன்னாவின் நாய்மாயர் ஓர் அம்மோனைட் ஜாதிக்கு ஸ்டோலிச்காயா என்று பெயரிட்டார். பெரிய வேடிக்கை என்னவென்றால், அதன் பிரதான இனம் பிரான்ஸில் கிடைத்தது.

அரியலூர்ப் பாறையைச் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் பாதி, அக்கடலின் சிப்பிகள்தான். வெட்டுவதால் புதிய சிப்பிகள் வெளிப்படுகின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போய்ப் பொறுக்குகிறார்கள். மீதி சூளைக்குப் போகிறது.