ஒரு விடுதி, இரண்டு ஈஸ்டர்

1991ஆம் ஆண்டு வசந்தத்தில், மாஸ்கோவில் நாங்கள் தங்கியிருந்த மாணவர் விடுதியின் நான்காவது மாடிக்கு ஈஸ்டர் இரண்டு முறை வந்தது. முதலாவது மார்ச் 31. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த கத்தோலிக்க நண்பருக்கும் எதிர் அறை ஆர்மீனியருக்கும் உரியது. இரண்டாவது ஏப்ரல் 7; ரஷ்ய நண்பருக்கும் எத்தியோப்பிய மாணவருக்கும் உரியது. எந்த மதத்திலும் பற்றில்லாத நான் இரண்டுக்கும் அழைக்கப்பட்டேன்.

உயிர்த்தெழுந்தவர் ஒருவர்தான், நாள் மட்டும் ஏன் இரண்டு என்ற கேள்வியை நான் கேட்டபோது நால்வரும் நான்கு விடை சொன்னார்கள். பின்னாளில் நூலகத்தில் தேடியறிந்தது இது. கி.பி. 325இல் கூடிய நிக்கேயா சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே நாளில் ஈஸ்டரைக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பின்வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது நிலைபெற்ற விதி. ஆனால் ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டை 365 1/4 நாள் எனக் கொண்டது. உண்மையான சூரிய ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. அற்ப நிமிடங்கள்தாம், ஆயினும் 128 ஆண்டுகளில் அவை ஒரு முழு நாளாகிவிடும். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாட்களை வெட்டியெறிந்தார். அக்டோபர் 4ஆம் தேதி உறங்கச் சென்றவர்கள் 15ஆம் தேதி விழித்தார்கள். கிழக்குச் சபைகள் இத்திருத்தத்தை ஏற்கவில்லை. ஒருகாலத்தில் பகலிரவு சமநாளையொட்டித் தொடங்கிய நம் சித்திரை இன்று ஏப்ரல் 14 வரை நகர்ந்திருப்பதும், காரணம் சற்று வேறானாலும், இதே வகைக் கதைதான்.

சூரியக் கணக்கோடு நிலவின் கணக்கும் சேர்வதால் இடைவெளி ஆண்டுதோறும் மாறும். 1989இல் இரு ஈஸ்டர்களுக்கும் இடையே ஐந்து வாரம். 1990இல் இரண்டும் ஒரே நாளில், ஏப்ரல் 15இல் வந்தன. 1991இல் ஒரு வாரம்.

ரஷ்ய அரசு புதிய நாட்காட்டிக்கு மாறியது புரட்சிக்குப் பிறகு, 1918இல். அவ்வாண்டு ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. அக்டோபர் புரட்சியை நவம்பர் 7இல் கொண்டாடியதன் காரணமும் அதுவே. திருச்சபை பழைய கணக்கிலேயே நின்றது. அரசுக்கு ஒரு காலம், ஆலயத்துக்கு ஒரு காலம் என்றாயிற்று.

1929இல் அரசு ஞாயிற்றுக்கிழமையையே ஒழித்துப் பார்த்தது. ஐந்து நாள் சுழற்சி. தொழிலாளர்கள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு விடுமுறை நாள். கணவனுக்கு ஓய்வுள்ள நாளில் மனைவிக்கு வேலை. பின்னர் அது ஆறு நாள் சுழற்சியாகி, 1940இல் கைவிடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயர் 'வஸ்கிரசேனியே'. உயிர்த்தெழுதல் என்று பொருள். கிழமையை அகற்ற முடிந்தவர்களால் அந்தச் சொல்லை அகற்ற முடியவில்லை.

1931இல் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே எழுப்ப நினைத்த சோவியத் மாளிகை எழவேயில்லை. 1960 முதல் அவ்விடத்தில் ஒரு மாபெரும் திறந்தவெளி நீச்சல்குளம் இருந்தது. குளிர்காலத்தில் வெந்நீரின் ஆவி மேலெழ, நாங்களும் அதில் நீந்தியிருக்கிறோம். எதன் மேல் நீந்துகிறோம் என்பதை ரஷ்ய நண்பர்தான் ஒருநாள் தாழ்ந்த குரலில் சொன்னார். (பேராலயம் மீண்டும் கட்டப்பட்டு 2000இல் அர்ச்சிக்கப்பட்டது.)

*

ஏப்ரல் 6 நள்ளிரவு, நண்பரோடு ஒரு சிறு தேவாலயத்துக்குப் போனோம். மெழுகுவர்த்திகளுடன் கூட்டம் ஆலயத்தைச் சுற்றி வந்து, மூடிய கதவின் முன் நின்றது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று குருவானவர் கூற, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று கூட்டம் முழங்கியது. அறிமுகமற்றோரும் ஒருவரையொருவர் மும்முறை முத்தமிட்டனர்.

எனக்கு உடல் சிலிர்த்தது, பக்தியால் அன்று. இந்த இரவை நான் முன்பே அறிந்திருந்தேன். டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலில், நெஹ்லூதவும் கத்யூஷாவும் கலந்துகொள்ளும் ஈஸ்டர் இரவு இதுதான். முகத்தில் புண்ணோடு நிற்கும் பிச்சைக்காரனைக் கத்யூஷா தயக்கமின்றி முத்தமிடுவது இந்த வாசலில்தான் என்று தோன்றியது. அதே நாவலில் சிறைச்சாலை வழிபாட்டை ஏளனம் செய்த டால்ஸ்டாயை 1901இல் திருச்சபை விலக்கி வைத்தது. விலக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக அந்த இரவை எழுதியவர் யார்? கடவுளை மறுத்த அரசின் பதிப்பகம் அந்நாவலைத் தமிழில் அச்சிட்டு, மலிவு விலையில் நமக்கு அனுப்பியது. அரசு தன் சொந்தப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க முயன்ற ஈஸ்டரை, ஒரு தமிழ்ச் சிற்றூர் நூலகத்தில் நான் படித்துவிட்டிருந்தேன்.

மறைத்த விதங்களையும் நண்பர் சொன்னார். ஈஸ்டர் இரவில் மட்டும் தொலைக்காட்சியில் அரிதான மேற்கத்திய பாப் இசை வருமாம், இளைஞர்கள் வீட்டைவிட்டு நகராதிருக்க. ஈஸ்டர் ரொட்டியான 'குலிச்'சை அரசுக் கடைகளே 'வசந்த கேக்' என்ற பெயரில் விற்கும். ஆலய வாசல்களில் தன்னார்வக் காவலர்கள் நின்று இளைஞர்களைத் திருப்பி அனுப்புவார்கள். பிடிபட்ட மாணவனின் படிப்பே போகலாம்.

*

மறுநாள் மதியம் நண்பரின் பாட்டி வீட்டில் விருந்து. ஏப்ரல் 2 அன்றுதான் அரசு விலைகளைக் கடுமையாக உயர்த்தியிருந்தது. எங்கள் சர்க்கரைக் கூப்பன்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்திருந்தோம். குளிர்காலம் முழுதும் சேமித்த வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டைகள் செம்பழுப்பு நிறத்தில் இருந்தன. தயிர்க்கட்டியில் கூம்பு வடிவாகச் செய்த இனிப்பின் பெயர் 'பாஸ்ஹா'. ஊரில் ஈஸ்டர் இரவு வழிபாட்டைப் பாஸ்கா என்றே சொல்லி வளர்ந்த தூத்துக்குடி நண்பர் மகிழ்ந்துபோனார். இரண்டும் ஒரே எபிரேயச் சொல்லின் பிள்ளைகள். இறைச்சி, பால், முட்டை ஏதுமின்றி 55 நாள் நோன்பிருந்த எத்தியோப்பியர், நம்மூர் மிளகாய்த்தூளில் சமைத்த கோழிக் குழம்போடு வந்தார்.

மேசையில் நண்பரின் தாயாரும் இருந்தார். பள்ளி ஆசிரியை, கட்சி உறுப்பினர். 1960களில் ஓர் ஈஸ்டர் இரவு, ஆலய வாசலில் காவல் நிற்க அவர் அனுப்பப்பட்டாராம். அன்று பாட்டி உள்ளே இருந்தார். தாயும் மகளும் அதைப் பற்றிப் பின்னர் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை என்று நண்பர் வழியிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார்.

பாட்டி மகளைப் பார்த்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார். நாங்கள் எவரும் அசையவில்லை. மகள் மறுமொழி சொல்லவில்லை. ஒரு முட்டையை எடுத்து, அவர்கள் வழக்கப்படி, தாயின் கையிலிருந்த முட்டையோடு மோதினார். மகளின் முட்டை உடைந்தது. முதலில் பாட்டி சிரித்தார், பிறகு மகளும்.

அவ்வாண்டு டிசம்பரில் அந்த நாடு இல்லாமற்போனது. நாங்களும் திசைக்கொருவராகப் பிரிந்தோம். நிக்கேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டான 2025இல் இரண்டு ஈஸ்டர்களும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தன. அன்று காலையில் முதலில் அழைத்தவர் ரஷ்ய நண்பர். அவருடைய தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வெங்காயத் தோல் சேர்ப்பது இப்போது அவர்தானாம்.