கோலார் முதல் வடபழஞ்சி வரை: கேட் சிக்னல்களின் நூறாண்டு

நத்தத்திலிருந்து மதுரைக்குப் போய்த் தேனி சாலையில் திரும்பினால் வடபழஞ்சி. அங்குள்ள உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் மினி-ஐகால் என்னும் 85 டன் காந்த இரும்புக் கருவி 2018 முதல் இயங்குகிறது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே பத்து அடுக்குகளில் துகள் உணரிகள் உள்ளன. கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் என்னும் காஸ்மிக் கதிர்த் துகள் விழுகிறது. அதனுடன் உணரிகளின் சொந்த இரைச்சலும் கலந்தே வரும். எதைப் பதிவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பவை, பதிவின் வாசலைத் திறந்து மூடும் கேட் என்னும் நேரச் சிக்னல்கள். அந்தத் தீர்மானம் எப்போது எடுக்கப்படுகிறது என்பதே இந்த வரலாற்றின் மையம் என்பது என் கருத்து.

1924-25இல் பெர்லினில் இயற்பியலாளர்கள் போத்தேயும் கைகரும், காம்ப்டன் சிதறலில் எலக்ட்ரானும் ஒளித்துகளும் ஒரே கணத்தில் வெளிப்படுகின்றனவா என்று சோதித்தார்கள். இரண்டு துகள் எண்ணிகளின் துடிப்புகளையும் ஓடும் பிலிமில் பதித்து, பின்னர் கண்ணால் ஒப்பிட்டார்கள். 1930இல் புரூனோ ரோஸ்ஸி அமைத்த வெற்றிடக்குழாய்ச் சுற்று அந்த வேலையை நிகழ்கணத்துக்கே கொண்டுவந்தது. எல்லா எண்ணிகளும் ஒருசேரத் துடித்தால்தான் அதில் வெளியீடு கிடைக்கும்.

'ஒருசேர' என்பதற்கு எவ்வளவு இடைவெளி வரை அனுமதிக்கலாம்? விநாடிக்கு 100 முறை தன்போக்கில் துடிக்கும் இரண்டு எண்ணிகளை எடுத்துக்கொள்வோம். துடிப்பின் அகலம் ஒரு மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 20 பொய் இணைவுகள் வரும். அகலம் ஒரு மைக்ரோவிநாடியாகக் குறைந்தால் 50 விநாடிக்கு ஒன்றுதான். மின்னணுவியல் வேகத்துக்காக ஆய்வாளர்கள் இத்தனை பாடுபட்டதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த இணைவு முறையின் பெரும் பயன் கோலார் தங்கச் சுரங்கத்தில் விளைந்தது. சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹம் குழுக்களும் ஒளிர்வு உணரிகளை நிறுத்தின. அவை ஒருசேரத் துடித்தவுடன் நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகளின் தடம் ஒளிர்ந்து படமாகும். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் சுவடு அங்கே கிடைத்தது.

ஆனால் தீர்மானம் எடுக்கவும் நேரம் பிடிக்கும். கேட் திறப்பதற்குள் சிக்னல் கடந்துபோய்விடக் கூடாது. அதற்காகக் கேபிளை நீட்டினார்கள். சாதாரண கோ-ஆக்சியல் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோவிநாடி தாமதம் ஆகும். 1969இல் வந்த கேமக் என்னும் மின்னணுத் தரம் ஆய்வுக் கருவிகளுடன் கணினியை இணைத்த பிறகும் ஆய்வகங்களில் கேபிள் சுருள்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

மினி-ஐகாலில் கேபிள் செய்த அந்தத் தாமத வேலையை நினைவகம் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஆய்வகமான செர்னில் உருவான எச்பிடிடிசி என்னும் நேரம் அளக்கும் சிப், வரும் துடிப்புகளுக்கெல்லாம் நேர முத்திரை குத்தி வைக்கிறது. பதியச் சொல்லும் ட்ரிகர் சிக்னல் வந்ததும், கடந்துபோன குறிப்பிட்ட சாளரத்துக்குள் விழுந்தவற்றை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. முதலில் பதிவு, பிறகு ஒப்பீடு. இந்த ஒழுங்கில் இது ரோஸ்ஸியின் சுற்றைவிடப் போத்தே-கைகர் பிலிமுக்கே நெருக்கமானது. ஆனால் இங்கே எல்லா மின்னணுப் பலகைகளும் ஒரே கிளாக்கில் ஓட வேண்டும்; கேபிள் நீள வேறுபாடுகளையும் அளந்து கழிக்க வேண்டும். முத்திரை பிசகினால் ட்ரிகர் சரியாக வந்தும் பயனில்லை.

திண்டுக்கல், மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்களிடம் ஓர் ஆசிலோஸ்கோப்பும் பத்து மீட்டர் கேபிளும் கொடுத்து, அந்த 50 நானோவிநாடியை அவர்களே அளக்கச் செய்யுங்கள்.