மொபிலிட்டி ஸ்கூட்டர் மாற்றியமைப்பு

மொபிலிட்டி ஸ்கூட்டர் மாற்றியமைப்பு என்பது, நடக்கச் சிரமப்படுவோருக்காகத் தயாரிக்கப்பட்ட பேட்டரி வண்டியின் மின்கலம், மோட்டார், பிரேக், சக்கரம் முதலியவற்றை மாற்றி, கடைகண்ணிக்குப் போய்வரும் எடை குறைந்த மின்வண்டியாக ஆக்குவதாகும். மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்களும் ஓர் இருக்கையும் கொண்ட இவ்வண்டி நடைவேகத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஆகவே ஓர் உறுப்பை மாற்றினால் மற்ற உறுப்புகளையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

தோற்றம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் தீம் 1968இல் இவ்வகை வண்டியை உருவாக்கினார். தண்டுவட மரப்பு நோயால் நடக்க இயலாமற்போன தம் குடும்பத்தவர் ஒருவருக்காகச் செய்த அவ்வண்டிக்கு ‘அமிகோ’ என்று பெயரிட்டார். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்கு நண்பன் என்று பொருள்.

அமைப்பு

பெரும்பாலான வண்டிகள் 24 வோல்ட்டில் இயங்குகின்றன. 12 வோல்ட் காரீய-அமில மின்கலங்கள் இரண்டு இருக்கைக்கு அடியில் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பின் அச்சில் நேர்மின்னோட்ட மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் ஒரே தொகுதியாக அமைந்திருக்கும். கைப்பிடியில் உள்ள நெம்புகோலை விரலால் அழுத்தினால் வண்டி நகரும். விட்டால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மோட்டாரையே மின்னாக்கியாக்கி வேகத்தைக் குறைக்கும். வண்டி நின்றதும் காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும். இந்த பிரேக்கை விடுவிப்பதற்கே மின்சாரம் தேவை. மின்சாரம் போனால் வில்விசையால் அது தானாக இறுகிவிடும்.

மின்கல மாற்றம்

பழைய வண்டிகளில் முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் மின்கலமே. 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி காரீய மின்கலங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ எடையிருக்கும். அதே ஆற்றலைத் தரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பின் எடை அதில் பாதிக்கும் குறைவு. எட்டுக் கலங்களைத் தொடராக இணைத்தால் 25.6 வோல்ட் கிடைப்பதால், பழைய கன்ட்ரோலரையே பயன்படுத்தலாம். சார்ஜர் மட்டும் லித்தியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முழுக்கச் சார்ஜ் ஏறிய உடனே சரிவில் இறங்கினால், மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை ஏற்க மின்கலத்தில் இடமிருக்காது. மின்கலத்தைக் காக்கும் மின்சுற்று இணைப்பைத் துண்டித்துவிட்டால் வேகத்தைக் குறைக்கும் வழி அடைபடும். மின்னழுத்தம் ஏறி கன்ட்ரோலரும் பழுதாகலாம். சரிவான ஊர்களில் சார்ஜைச் சற்றுக் குறைவாக நிறுத்துவது இதைத் தவிர்க்க உதவும். குளிர்நாடுகளில், உறைநிலைக்குக் கீழே இவ்வகை மின்கலத்தைச் சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும்.

வேக மாற்றம்

நேர்மின்னோட்ட மோட்டாரின் சுழல்வேகம் ஏறத்தாழ மின்னழுத்தத்துக்கேற்ப உயரும். 24 வோல்ட்டை 36 ஆக்கினால் மணிக்கு 13 கிலோமீட்டர் ஓடிய வண்டி 19 கிலோமீட்டரைத் தொடும். இதற்கு 36 வோல்ட்டைத் தாங்கும் கன்ட்ரோலரும், கூடுதல் மின்னோட்டத்துக்கு ஏற்ற தடித்த கம்பியும் ஃபியூஸும் வேண்டும். காந்த பிரேக்கின் சுருள் 24 வோல்ட்டுக்கு உரியது என்பதால் அதற்குத் தனி மின்வழி தேவைப்படும்.

வேகம் ஒன்றரை மடங்கானால், நிறுத்தத் தேவையான தூரம் ஏறத்தாழ இரண்டேகால் மடங்காகும். வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் விசையும் அதே அளவு கூடும். முன்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட வண்டி இதில் எளிதில் சாயும். எனவே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், அகலமான அச்சு, தாழ்வான இருக்கை, பெரிய காற்று டயர் ஆகியவை இன்றி வேகத்தை மட்டும் கூட்டுவது விபத்துக்கு வழிவகுக்கும். பிரிட்டனைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் காலின் ஃபர்ஸ் 2010இல் இத்தகைய வண்டியில் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். அது சாதனைக்காகச் செய்யப்பட்ட வண்டி.

பாரம்

கடைக்குப் போய்வர வேகத்தைவிட இடவசதியே முக்கியம். முன்கூடை, இருக்கைக்குப் பின்னே பெட்டி, இழுவண்டி ஆகியவை வழக்கமான சேர்க்கைகள். பாரத்தைப் பின்னச்சுக்கும் பின்னால் ஏற்றினால் முன்சக்கரம் தரையில் அழுந்தாமல், ஏற்றத்தில் வண்டி பின்புறமாகக் கவிழ நேரும். ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் இருமடங்கானால் அதன் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மேடான பாதையில் பாரம் இழுக்க வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர விகிதமே ஏற்றது.

சட்டநிலை

பிரிட்டனில் நடைபாதையில் செல்லும் இரண்டாம் வகை வண்டிக்கு மணிக்கு 4 மைலும் (6.4 கி.மீ.), சாலையில் செல்லும் மூன்றாம் வகைக்கு 8 மைலும் (12.9 கி.மீ.) உச்ச வேகம். மூன்றாம் வகையைப் பதிவுசெய்ய வேண்டும்; ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. உடற்குறையுள்ளோர் தம் பயன்பாட்டுக்காக ஓட்டும்போதே இச்சலுகை பொருந்தும். வேக எல்லையை மீறும்படி மாற்றிய வண்டி சாதாரண மோட்டார் வாகனமாகக் கருதப்படும். காப்பீடும் உரிமமும் தேவைப்படும். மிதிகட்டை இல்லாததால் மின்மிதிவண்டிக்கான விலக்கும் அதற்குக் கிடைக்காது.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், உடற்குறையுள்ளோருக்கெனத் தனியே வடிவமைத்துக் கட்டப்பட்ட வண்டியையே ‘ஊனமுற்றோர் வண்டி’ என ஏற்றது. வேறொரு வண்டியைத் தகவமைத்தது மட்டும் அப்போது போதுமானதாக இல்லை.

தமிழகத்தில்

தமிழகத்தில் மொபிலிட்டி ஸ்கூட்டர் அரிது. இங்கு மாற்றியமைப்பு எதிர்த்திசையில் நடந்தது: சாதாரண ஸ்கூட்டரின் பின்னே இரு சக்கரங்களைச் சேர்த்த ‘இணைப்புச் சக்கர’ வண்டி பரவலானது. மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசும் இதை வழங்கிவருகிறது. சென்னை ஐஐடியில் உருவான ‘நியோபோல்ட்’ இன்னொரு வழியைக் காட்டியது. மோட்டாரும் மின்கலமும் கொண்ட இந்த இணைப்பைச் சக்கர நாற்காலியின் முன்னே மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சாலையில் செல்லலாம். கடைவாசலில் அதைக் கழற்றிவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம்.