தாடையில் புகுந்த புகை

பெசன்ட் நகர் பீச்சில் சுண்டல் தின்ற நம்மில் பலருக்கும் அது வெறும் ஏரியா பேர். அந்த அன்னி பெசன்ட் 1893ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு ஐந்து வருஷம் முன்னால், கிழக்கு லண்டனின் போ என்ற இடத்தில் இருந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். பிரையண்ட் அண்ட் மே கம்பெனி. 1888 ஜூன் 23 அன்று அவருடைய 'தி லிங்க்' பத்திரிகையில் வந்த கட்டுரை அது.

அதில் வரும் அபராதக் கணக்கைப் படித்தால் வயிறு எரியும். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ். மிஷினில் விரல் மாட்டாமல் தப்பிக்கப் பார்த்த ஒரு பெண்ணுக்கு ஒரு ஷில்லிங் அபராதம். விரல் போனால் போகட்டும், மிஷினைப் பார் என்று திட்டு வேற. வாரத்துக்கு 4 ஷில்லிங் வாங்குகிற பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனா பெரிய ஆபத்து மிஷினில் இல்லை, காற்றில் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றுகிற அந்தக் குச்சியின் தலையில் இருந்தது வெள்ளை பாஸ்பரஸ். அதன் ஆவி சொத்தைப் பல் வழியாகத் தாடைக்குள் இறங்கும். முதலில் சாதாரணப் பல்வலி. அப்புறம் வீக்கம், சீழ், பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். எலும்பு உயிரோடு இருக்கும்போதே செத்துப்போகும். தாடையை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். பெண்கள் வேலை செய்த இடத்திலேயே சோறு தின்றார்கள், விஷமும் கூடவே உள்ளே போனது.

யாருக்கும் தெரியாத நோயா இது? இல்லை. வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் 1845லேயே எழுதிவிட்டார். அதே பத்தாண்டில், அதே ஊரில், ஷ்ரோட்டர் என்பவர் இந்த விஷம் இல்லாத சிவப்பு பாஸ்பரஸைச் செய்து காட்டினார். ஸ்வீடனில் அதை வைத்து சேஃப்டி தீப்பெட்டியே வந்துவிட்டது. நோயும் தெரியும், மாற்றும் தெரியும். வெள்ளை மலிவு, அவ்வளவுதான்.

கட்டுரை பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது கம்பெனி. பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். பெசன்ட் நடத்திய ஸ்டிரைக் என்றுதான் பல இடத்தில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கேட்டது அந்தத் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்று. வேலையை விட்டு நடந்தது அந்தப் பெண்கள். சில வாரத்துக்குள் ஜெயித்தார்கள்: அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி அறை, ஒரு சங்கம்.

வெள்ளை பாஸ்பரஸ் மட்டும் அப்படியே இருந்தது. இந்தக் கதையை வெற்றிக்கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1891ல் சால்வேஷன் ஆர்மி சிவப்பு பாஸ்பரஸில் தீப்பெட்டி செய்து, கூலியும் கூடுதலாகக் கொடுத்தது. விலை ஜாஸ்தி, ஓடவில்லை. பத்து வருஷத்தில் அந்தத் தொழிற்சாலை பிரையண்ட் அண்ட் மே கைக்கே போனது. நடுவில் 1898ல், நோயாளிகள் இருப்பதைச் சட்டப்படி தெரிவிக்காமல் மறைத்ததற்காக இதே கம்பெனிக்குத் தண்டனை கிடைத்தது. எவ்வளவு தெரியுமா? 25 பவுண்டு சொச்சம்.

ஃபின்லாந்து 1872லும் டென்மார்க் 1874லும் தடை போட்டாச்சு. மற்றவர்களுக்கு ஒரே பயம்: நான் நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்காரன் மலிவாக விற்பானே. அதனால்தான் 1906ல் பெர்ன் நகரில் ஏழு நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. ஒரு விஷப் பொருளைத் தொழிற்சாலையிலிருந்து விரட்ட ஐரோப்பிய நாடுகள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டது அங்கேதான். பிரிட்டன் முதலில் சேரவில்லை. 1908ல்தான் சட்டம் கொண்டுவந்தது, 1910 முடிவில் அமலுக்கு வந்தது. இந்தியாவுக்கான தடைச் சட்டம் 1913ல். ஆபத்தான பொருளுக்குப் பதில் ஆபத்தில்லாததைப் பயன்படுத்து என்ற விதி ஐரோப்பா முழுமைக்குமான பொதுச் சட்டமாக எழுதப்பட்டது 1989ல்.

போ தொழிற்சாலை இப்போது விலை உயர்ந்த அபார்ட்மென்ட். கொஞ்ச தூரத்தில் கிளாட்ஸ்டனுக்கு ஒரு சிலை, அந்த முதலாளி குடும்பம் 1882ல் வைத்தது. அதற்காகத் தங்கள் கூலியில் ஒரு ஷில்லிங் பிடித்தார்கள் என்று பெண்கள் பெசன்ட்டிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிலையின் கைகளுக்கு யாரோ சிவப்புப் பெயிண்ட் அடித்துவைத்திருக்கிறார்கள்.